நீளமானவற்றை எண்ணும் முறை

வாய்மொழித் தேர்வு ஏழு நிமிடம்.
முதல் கேள்வி குடும்பத்தைப் பற்றித்தான் என்று
அடித்துச் சொல்கிறார் டக்கெட் டீச்சர்.
ஒசாகாவில் மூன்று வருடம் இருந்தவர்,
இப்போது மோர்வெல்லில் எங்கள் ஐந்து பேருக்காக
ஒரு வகுப்பறையும் ஓடாத ஹீட்டரும் வைத்திருக்கிறார்.

ஆகவே ஒரு குடும்பத்தைத் தயார் செய்துவிட்டேன்.
அதில் அப்பாவுக்குத் தோட்டவேலை பிடிக்கும்.
மின்நிலையத்தை மூடிவிட்டார்கள் என்பதற்கு
ஜப்பானிய மொழியில் எனக்கு வார்த்தை இல்லை.
தக்காளிக்கு இருக்கிறது.
அம்மா ரொட்டி சுடுவாள். இது நிஜம்,
ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு, யாரோ ஒருவர் கடையில்
என்கிற பகுதி வாக்கியத்தில் ஏற மறுக்கிறது.
அண்ணன் நீந்துவான்.
ஆன்டன் தண்ணீரைக் கண்டால்
கரையில் நின்று சிகரெட் தேடுகிறவன்.
ஆனாலும் நீந்துவது எல்லாக் காலங்களிலும்
எனக்குப் பிசகாமல் வரும் வினை.

வார இறுதிகளில் பூங்காவுக்குப் போகிறோம்,
சாப்பாட்டுப் பெட்டியோடு.
வானிலை எப்போதும் நல்ல வானிலை.

வினைச்சொல் கடைசியில்தான் வரும்.
அண்ணன் கிறிஸ்துமஸுக்கு பெர்த்திலிருந்து விமானத்தில் எங்கள் வீட்டுக்கு
அதுவரை எல்லோரும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.
பிறகுதான்
வந்தானா, வரவில்லையா.

அக்டோபர். மேக்பைகள் குஞ்சு பொரித்திருக்கும்.
ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் முட்களைச் செருகிக்கொண்டு
சைக்கிளில் ஆள் எண்ணிப் பழகுகிறேன்.
ஹிதோரி, ஃபுதாரி, ஸன்னின்,
காதோரம் சிறகு உரசும்போது
யொனின்!
எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று
அந்தத் தெருவின் பறவைகளுக்கெல்லாம் தெரியும்.

மூன்று என்று சொல்ல வேண்டுமோ?
டீச்சரைக் கேட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் மட்டும்தானா?
எதைச் சொன்னாலும் மதிப்பெண் ஒன்றுதான், என்றார்,
உச்சரிப்பைக் கவனி.

ஆளுக்கு ஒரு எண், பூனைக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று.
முயலைப் பறவைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்,
ஏன் என்று கேட்கக் கூடாது.
தட்டையானதற்கு வேறு: சட்டை, தபால்தலை, பீட்ஸா.
நீளமானதற்கு ஹொன். அதுவும் ஓரிடத்தில் நிற்காது,
இப்பொன், நிஹொன், ஸம்பொன்.
இரண்டு பென்சில் கேட்டால்
அந்த நாட்டின் பெயரைச் சொன்ன மாதிரி இருக்கும்.
பென்சில், குடை, பியர் பாட்டில், நதி,
இவற்றோடு தொலைபேசி அழைப்பும்.
ஒயர் இருந்த காலத்துக் கணக்கு போல, என்கிறான் கோஸ்டா.

சமையலறையில் அப்பா அட்டைகளைப் பிடித்துக்கொள்கிறார்.
உச்சரிப்பை மார்க்கரால் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
கஸொகு வா நன்னின் தெஸு கா,
கேஸ் சிலிண்டர் எண்ணை ஒப்பிக்கிற குரலில்.
யொனின், என்கிறேன்.
அட்டையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்க்கிறார்.
அந்தப் பக்கம் நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
சரி, என்கிறார்.

நேற்று ராத்திரி ஆன்டன் கூப்பிட்டான்.
பழைய காரின் பதிவுச் சீட்டு எங்கே?
டிராயரில், என்றார் அப்பா.
இரண்டாவதா?
இரண்டாவது.
நாற்பது விநாடி இருக்கும்.
நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன்:
தென்வா, இப்பொன்.

இன்று, நான்காவது நிமிடம் என்று நினைக்கிறேன்,
சாம்பல் ஸ்வெட்டர் போட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு
எந்த அட்டையிலும் இல்லாததைக் கேட்டார்.
உங்கள் அண்ணன் எங்கே நீந்துவார்?

கடலில், என்றேன்.
ரொம்பத் தூரத்தில்.

குளிராதா, என்றார்.

குளிரும், என்றேன்.
அந்தச் சொல்லை முதல் வருடமே படித்தாகிவிட்டது.