தேறல்

காய்ச்சல் விட்டு மூன்று வாரம்.
சகோதரர் கஸியானுக்கு மூக்கு மட்டும் திரும்பவில்லை.
காபி வெந்நீராக இருக்கிறது.
தூபப் புகை கண்ணில் எரிவதோடு சரி.
யாரிடமும் சொல்லவில்லை,
பாவசங்கீர்த்தனத்தில்கூட.
இது பாவக் கணக்கில் வருமா என்பது அவருக்கே குழப்பம்.

சரிவில் கடைசிக் குலைகளை அறுக்கிறார்கள்.
எதிர்ச் சிகரத்தில் நேற்றே பனி.
மடத்து நிலவறையில் பதினான்கு பீப்பாய்கள்
முணுமுணுத்துக் கிடக்கின்றன.
எட்டாவது சரியில்லை என்கிறாள் நோட்பூர்கா,
டிராக்டர் ஓட்டுகிறவள்,
சேறு காயாத ரப்பர் பூட்ஸோடு
கோப்பையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி.

முகர்கிறார்.
கண்ணாடியின் குளிர்ச்சி.
"பச்சை ஆப்பிள்" என்கிறார்
முப்பது வருடப் பழக்கத்தில்.

அவள் சிரிக்கவில்லை.
கோப்பையில் இருந்தது
பீப்பாய் கழுவிய தண்ணீர்.

மேலே மாலை ஜெபத்துக்கு மணி அடிக்கிறது.
அவர் போகவில்லை.
எட்டாவதன் வயிற்றில் காதை வைக்கிறார்.
மற்றவை தகரக் கூரையில் தூறல்.
இது திக்குகிறது,
ஒரு குமிழ், பிறகு நெடுநேரம்
ஒன்றுமில்லை.
"குளிர்ந்துபோயிருக்கிறது. கம்பளி கொண்டு வா."

விருந்தினர் அறைக் கம்பளிகள் நான்கு,
ஒன்றில் இன்னும் சலவைச் சீட்டு.
சுற்றிக் கட்டுகிறார்கள்.
பிறகு அவள் முகர்ந்து சொல்லச் சொல்ல
அவர் பேரேட்டில் எழுதுகிறார்:
பேரிக்காய்த் தோல். நனைந்த வைக்கோல்.
கொஞ்சம் தீக்குச்சி.
"தீக்குச்சியா?"
"அணைத்த பிறகு வருமே, அது."

விளக்கை அணைக்கப் போனவள்
படியில் நின்று கேட்கிறாள்:
"தேறுமா?"

எது என்று
அவர் கேட்டுக்கொள்ளவில்லை.