பந்து மலைக்கு முதுகு காட்டும்

ஏழாம் குழியில் நின்று பார்த்தால்
கிரீன் மேட்டில் ஏறுவதுபோல் இருக்கும்.
ஏறவில்லை, இறங்குகிறது.
முப்பத்தொரு வருஷம் அரிசோனா தாமிரச் சுரங்கத்தில்
நிலத்தை அளந்து பிழைத்தவன் சொல்கிறேன்:
கண் பொய் சொல்லும், ரசமட்டம் சொல்லாது.
ரசமட்டத்தை இங்கே எடுத்துவர
ஆட்ட விதியில் இடமில்லை.

ஆகவே முதலில் மலை எங்கே என்று பார்.
பந்து எப்போதும் மலைக்கு முதுகு காட்டும்.
வலப்பக்கம் மலையென்றால்
குழியை மறந்து வலப்பக்கமே குறி வை.
மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

இது என் சொந்தச் சரக்கில்லை.
இமெல்டா பிராக்கமோன்டேயிடம்
தோற்றுத் தோற்றுச் சேர்த்தது.
திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு வாசல் அடைப்பு.
வேலையாட்கள் ஆடுவார்கள்,
ஒட்டிக்கொண்டு நானும்.
மற்ற ஆறு நாளும் அவள் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள்.
எந்தப் புல் எவ்வளவு குடிக்கும்,
எந்தச் சரிவில் தண்ணீர் நிற்காமல் ஓடும் என்பதெல்லாம்
அதிகாலை மூன்று மணிக்கு
அவள் பூட்ஸுக்குத் தெரிந்துவிடும்.
அவள் பையில் ஐந்து மட்டை,
என் பையில் பதினாலு.

உயரமான டீயில் நிற்கும்போது
கீழே பள்ளத்தாக்கு வாய் பிளந்து கிடக்கும்.
ஓங்கி அடிக்கக் கை ஊறும்.
மேட்டு நிலம், காய்ந்த காற்று,
பந்துக்கு இறக்கை முளைத்துவிடும்.
நூற்றைம்பது கஜம் என்று பலகை சொன்னால்
நூற்று முப்பதுக்கான மட்டையை எடு.
வெட்கமாக இருக்கும். எடு.

பத்து மணிக்குமேல் காற்று மலையேறத் தொடங்கும்.
அதற்குள் முடித்துவிடு.
முடியாவிட்டால் தாழ அடி.
நேற்றிரவு ஹவலீனாக்கள் வந்து
பன்னிரண்டாம் பாதையை உழுதுவிட்டுப் போயிருந்தால்
யாரையும் திட்டாதே.
அவற்றுக்கும் பசி உண்டு, கொம்பில்லை, மூக்குதான்.

பாலைக்குள் போன பந்து பாலைக்கே.
நான் ஒருமுறை கேட்கவில்லை.
நாலு டாலர் பந்துக்காகக் குனிந்தேன்.
தாவும் கள்ளி என்று பெயர்.
தொட்டால் ஒட்டும்,
தொட நினைத்தாலும் ஒட்டும்.
முழங்கையில் முள்ளுருண்டையோடு நிமிர்ந்தேன்.
இமெல்டா லாரியிலிருந்து சீப்பு எடுத்து வந்தாள்.
ஒரே வீச்சு.
உருண்டை பறந்தது, என் உயிரும் கொஞ்சம்.
"ஐந்து" என்றாள்.
தைத்த முட்களை எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.
என் அடிகளை எண்ணியிருக்கிறாள்.

பதினாலாம் கிரீனில் வடக்கே திரும்பிப் பார்க்காதே
என்று எழுதத்தான் நினைத்தேன்.
எழுதினால் அது உனக்காக இருக்காது.
வடக்கே தெரிவது படிபடியாக வெட்டிய பள்ளம்.
ஒரு காலத்தில் அது மலை.
ஒவ்வொரு படிக்கும் உயரம் குறித்துக் கொடுத்தவன் நான்.
லாரி லாரியாக அதை இறக்கி
கம்பியாக்கி ஊர் ஊராக அனுப்பினோம்.

அந்தக் கிரீனில் என் கணக்கு எப்போதும் தப்பும்.
தெற்கே மலை இருக்கிறது,
எனவே பந்து வடக்கே வளைய வேண்டும்.
வளையாது.
ஒன்பது திங்கள் தப்பியபின் இமெல்டாவிடம் கேட்டேன்.
கொடிக்கம்பைப் பிடித்தபடி பள்ளத்தைக் காட்டினாள்:
"அந்த மலையும்தான் தள்ளுகிறது."

மலை போனாலும்
அது ஆயிரமாயிரம் வருஷம் கழுவி அனுப்பிய மண்
இங்கேதான் கிடக்கிறது, சாய்ந்தபடி.
இரண்டு சாய்வும் ஒன்றையொன்று தின்கின்றன.
என் வரைபடத்தில் அழித்துவிட்டேன்.
நிலம் அழிக்கவில்லை.

ஆகவே பதினாலில் நேராக அடி.

போன வாரம் நேராகத்தான் அடித்தேன்.
குழியின் உதட்டில் வந்து நின்றது,
ஒரு சாண்கூட இல்லை.
"போதும், எடுத்துக்கொள்" என்றாள்.
எடுக்கவில்லை.
குனிந்து, மெல்லத் தட்டி,
அதையும் ஓர் அடியாக
எழுதிக்கொண்டேன்.