வேடியப்பனுக்கு எழுதிய சுவர்கள்

முதல் தேர்தலில் அவனுக்கு ஏணி.
தொண்ணூற்றாறு. நீலம் நாற்பது ரூபாய்,
சுண்ணாம்பு அவனே கொண்டுவந்தான்.
எத்தனை படி வைக்கட்டும் என்றேன்.
"ஏற ஒண்ணு, எறங்க ஒண்ணு."
பூதிஅள்ளியில் அறுபத்தொரு ஓட்டு.
டெபாசிட் போனது. ஏணி மட்டும்
மூன்று மழைக்கு டீக்கடைச் சுவரில் சாய்ந்திருந்தது.

அவன் பேசியதெல்லாம் ஏரி.
மேடை கிடையாது. எம்.எய்ட்டியில் ஒரு பாட்டில்,
பாட்டிலில் ஏரித் தண்ணீர்.
மாங்கூழ் ஆலை ஓடும் மாதங்களில்
அது ஆறிய கஷாயம் மாதிரி இருக்கும்.
மூடியைத் திறந்தால்
பெங்களூராக் கொட்டை புளித்த நாற்றம்
கல்யாண மண்டபம் வரை போகும்.
"மோந்து பாருங்க, அப்புறம் போடுங்க."
ஊரில் பாதிப் பேருக்கு அந்த ஆலையில்தான் கூலி.
மோந்தார்கள்.

அடுத்த முறை ஆட்டோ.
எதிராளிக்குப் பூட்டு சாவி. அதையும் நான்தான் எழுதினேன்,
அவர் ரொக்கம் கொடுத்தார்.
வேடியப்பன் ஒரு கூடை தக்காளி, மீதி கடன்.
மூன்றாவது சக்கரத்துக்குள் மஞ்சள் தீர்ந்துவிட்டது.
அப்படியே விட்டேன்.
நின்று பார்த்தான். "நொண்டினாலும் வண்டிதான்டா."

இரண்டாயிரத்து ஆறில் ஒன்றியக் கவுன்சிலர்,
பதினேழு ஓட்டில்.
அந்த வருடம் ஏரி முழுக்க ஜிலேபி மீன்
வயிற்றைக் காட்டி மிதந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றியத்தில் இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது,
நடுவில் ரப்பர் செருப்போடு இவன்.
பர்கூர் லாட்ஜில் மூன்று நாள் வைத்திருந்தார்கள்.
பிரியாணி, ஃபேன், கலர் டிவி.
நான்காம் நாள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஓட்டைப் போட்டான்:
ஆலை கழிவுத்தொட்டி கட்ட வேண்டும்.
கட்டியது. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு வாய் அழுகும்.
இரண்டாம் ஐப்பசியில் கெண்டை துள்ளியது,
நானே வாங்கிக் குழம்பு வைத்தேன்.

தீர்மானம் முப்பத்தொன்று:
நரிக்கரடு வரையிலான மண்பாதையைத் தார்ச்சாலையாக்குதல்.
தலைவர் இவனைப் பார்த்தாராம்.
கை தூக்கினான்.

அந்தச் சாலையில் கரடு இறங்கிப் போனது,
கட்டில் அளவு, பீரோ அளவு, கறுப்புக் கறுப்பாக,
சென்னைத் துறைமுகத்துக்கு.
முதல் லாரியில் என் மகன் கிளீனர்.
லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' நான் எழுதியது;
என் வீட்டுக் கூரை சிமெண்ட் ஆனது அந்தக் காசில்.
ஆகவே வேடியப்பன் கதையை நான் சொன்னால்
கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள்.

பதினொன்றில் உருளைச் சின்னம்.
கரட்டை உருட்டினவனுக்கு உருளை என்று
பையன்கள் என் எழுத்துக்குப் பக்கத்திலேயே கரியால் எழுதினார்கள்.
கிராம சபையில் ஒருவன் கேட்டான்,
எவ்வளவு வாங்கினே?
"ஒரு தொட்டி."
யார் தூக்க வெச்சாங்க கையை?
"என் தோள்பட்டைதான்" என்று உட்கார்ந்துவிட்டான்.
நூற்றுப்பத்து ஓட்டு. அதிலொன்று
என்னுடையது இல்லை.

பிறகு எட்டு வருடம்
தேர்தலே வரவில்லை.
சுவரெல்லாம் ஃப்ளெக்ஸ். நான் நம்பர் பிளேட்டுக்கு மாறிவிட்டேன்.

பத்தொன்பது மார்கழியில் வந்தான், வாயில் முன்பல் இல்லை.
வார்டு மெம்பருக்கு நிற்கிறானாம்.
என்ன சின்னம் என்றேன்.
"அது கெடக்கட்டும். மதகுச் சுவர்ல எழுது.
சர்வே எண் இருநூத்திப் பதினாலு. ஏரி.
முப்பத்தெட்டு ஏக்கர் நாப்பது சென்ட்."
தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டரில்
அது முப்பத்தாறு ஆகிவிட்டதாம்.

அடி உயர எழுத்து, நீலம்.
சுவர் பற்றவில்லை. 'சென்ட்' மட்டும்
மூலையில் மடங்கிப் பக்கவாட்டில் போனது.
தண்ணீரில் நின்று பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.
அவன் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிப் போய்ப் பார்த்தான்.

எண்ணிக்கை முடிந்த மறுநாள் நான் மதகுக்குப் போனேன்.
எத்தனை விழுந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை.
நாற்பதின் மேல் யாரோ சாணி அடித்திருந்தார்கள்.
கழுவினேன். திரும்ப எழுதினேன்.
பெயின்ட்
லாரிக்கு வாங்கியதில் மிச்சம்.