அரைவேக்காடு

மண்ணடியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.
சுவரில் வளைகுடா வரைபடம், மேலே சிவப்புக் குண்டூசிகள்:
குவைத்தில் மூன்று, தோகாவில் இரண்டு,
மனாமாவில் ரம்ஜானுக்கு முன்னால் ஒன்று.
"அமெரிக்கால நானூறு கடை வச்சிருக்கான்,
இப்ப இந்தப் பக்கம் வர்றான்" என்றார் ஏஜென்ட் கமருதீன்,
தன் மச்சான் ஊரிலிருந்து வருகிற மாதிரி.

யாபேசு முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.
மடியில் நான் கட்டிக்கொடுத்த பொட்டலம்,
எங்கள் கடை வறுவல், நூறு கிராம்,
ருசி பார்த்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று.
யாரும் பிரிக்கவில்லை.

படிவத்தில் ஒரு மாடு
பக்கவாட்டில் நின்றது.
உடம்பெல்லாம் கோடு, கோட்டுக்குள் நம்பர்,
நம்பருக்கு எதிரே இங்கிலீஷில் பெயர் எழுதணும்.
ஆடுதொட்டியில் பதினோரு வருஷம் கத்தி பிடித்தவன்
பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
சப்பை தெரியும், நல்லி தெரியும்,
எலும்பு தானாக வழிவிடுகிற இடம்
கண்ணை மூடினாலும் தெரியும்.

எனக்கு வேறு சந்தேகம்.
குடலுக்கு நம்பர் இல்லை.
ஈரலுக்கு இல்லை, நாக்குக்கு இல்லை,
வால் கோட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.
சாயங்காலம் ஆறு மணிக்கு
கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம்
எங்கள் வண்டியைச் சுற்றி நிற்கிறவர்கள்
எதைத் தின்ன நிற்கிறார்களோ
அது எதுவும் அந்த மாட்டில் இல்லை.

சனிக்கிழமை டெஸ்ட்.
பெரம்பூரில் ஒரு மண்டபத்துச் சமையற்கட்டு,
வாட்ச்மேனிடம் சிக்கன் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.
ஆறு பேர், ஆறு அடுப்பு.
மனாமாவிலிருந்து வந்த செஃப் ஐஸ் பெட்டியைத் திறந்து
இரண்டு விரல் கனத்துக்கு ஒரு துண்டம் எடுத்தார்.
அதற்கு அவர் சொன்ன பெயர் நீளமாக இருந்தது.
யாபேசு என் காதில் சொன்னான்:
"இது நம்ம சிலுவையன் வெட்டு. காலைல வெட்னது."

அங்கே வருகிற கறி வேறாம்,
சோளம் தின்று வளர்ந்த மாடாம்.
நம்மூரில் போஸ்டர் தின்று வளர்கிறது என்றேன்.
செஃப் மலையாளத்தில் சிரித்தார்.

"மீடியம் ரேர்."
ரத்தம் தெரிந்தால் தட்டைத் தூக்கி அடிப்பார்கள் வியாசர்பாடியில்.
அங்கே தெரியாவிட்டால் அடிப்பார்களாம்.
காய்ச்சல் பார்க்கிற மாதிரி
கறிக்குள் ஊசி வைத்துப் பார்த்தார்கள்.
ஐம்பத்தைந்து வந்ததும் இறக்கு.
உப்பு, மிளகு, அவ்வளவுதான்.
இஞ்சி கேட்ட ஓட்டேரிப் பையனை
அப்போதே அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் தொப்பி.
மணிக்கு ஒருமுறை கடையில் எல்லாரும்
வரிசையில் நின்று ஆடணுமாம்.
அடுப்படி ஆளுக்குத் தேவையில்லை, ஆனாலும்
எங்கே, காலை எடுத்துவை பார்ப்போம்.
சாவு மேளத்துக்குத் தவிர ஆடாத என் புருஷன்
முகத்தில் ஒன்றும் இல்லாமல்
இடதுகாலை எடுத்துவைத்தான்.

தேறிவிட்டான்.
நூற்றி நாற்பது தினார், தங்க இடம், ரெண்டு வருஷம்.

போன மாசம்தான் அதே பெரம்பூரில் வீடு பார்க்கப் போனோம்.
என்ன தொழில் என்றாள் வீட்டுக்காரம்மா.
ஓட்டல் என்றேன்.
என்ன ஓட்டல்?
இட்லி, பொங்கல் என்றேன்,
வாய் கூசாமல், வடகறி என்றும் சேர்த்துச் சொன்னேன்.
நாளைக்குப் போய்
அமெரிக்கன் கம்பெனி என்று சொல்லலாம்.
கறியைப் பற்றி அவளும் கேட்கமாட்டாள்.

செஃப் ஓரத்தில் ஒரு சீவல்தான் எடுத்தார்.
மிச்சத்தை ஃபாயிலில் சுற்றிக் கொண்டுவந்தான்.
ராத்திரி பதினொன்று, கடைசி மின்சார ரயில் போன சத்தம்.
தோசைக்கல்லைக் காயவைத்தேன்.
வெங்காயம், கறிவேப்பிலை, மிளகைத் தட்டிப் போட்டு
அவன் தேறிய துண்டத்தை நறுக்கி அதன்மேல் பரப்பினேன்.
ரத்தம் சுருண்டு பழுப்பாகிற வாசனைக்குப்
பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

நாளைக்கு முப்பது கிலோவை யார் வெட்டுவது
என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன்.
மெத்தென்று இருந்தது.

"இன்னா, எப்டிகீது?"

"இன்னும் வேகணும்" என்றேன்.