முப்பத்து நாலுக்குப் பிறகு முப்பத்தொன்று

பதினொரு பேர்.
அதில் இருவர் ஏசிக்காக வந்தவர்கள்.
ஒருத்தி கைக்குழந்தையோடு,
வவுனியா பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்காம், ஆறரைக்குத்தானாம்.
நாலாம் நாள். கஸ்தூரியார் வீதி. சின்ன அரங்கு.
பெரிய அரங்கில் நட்சத்திரப் படம்.
அங்கே அடித்த விசில் சுவரைத் தாண்டி
எங்கள் இருட்டுக்குள்ளும் கொஞ்சம் விழுந்தது.

'கப்டன் கந்தகம்' படமாகிறதாம் என்றதுமே
கந்தோரில் பவானந்தன் சொன்னவர்:
"உள்ளதை உள்ளபடி எடுத்தால் சனம் வராது, தங்கச்சி.
ஒரு காதல் வேணும். ஒரு குத்துப்பாட்டு வேணும்.
கந்தகத்துக்கு ஒரு அம்மா வேணும், அவ அழவும் வேணும்."
நான் வாகன இலக்கத் தகடுகளை எண்ணிக்கொண்டே
"வரும்" என்றேன்.
எந்தத் துணிவில் சொன்னேனோ.

இயக்கியவன் பிடிவாதக்காரன்.
கட்டம் கட்டமாகவே எடுத்திருந்தான்.
இடம் மாறும்போதெல்லாம் திரையின் மூலையில்
ஒரு மஞ்சள் பெட்டி: அதே சமயம்...
பின்வரிசைப் பொடியள் சிரித்தார்கள்.
மூன்றாவது பெட்டிக்குச் சேர்ந்து கத்தி வாசித்தார்கள்.
எட்டாவதில் சிரிப்பில்லை.
வாசிப்பு மட்டும் இருந்தது.

அந்தக் காலத்து அச்சில் சிவப்பு ஒரு நூல் விலகித்தான் விழும்.
கந்தகத்தின் உதடு பாதி கன்னத்தில் இருக்கும்.
அதையும் விடவில்லை அவன்.
திரை நிறைந்த முகத்தில்
உதட்டுக்கு வெளியே இன்னோர் உதடு.
"லென்ஸைத் திருத்துங்கோடா!"
யாரோ கத்த, ரோர்ச்சோடு ஓடினார் வாசல்கார ஞானசீலன்.
எனக்குத் தொண்டை அடைத்தது.
எண்பத்தாறில் இரண்டு ரூபா ஐம்பது சதத்துக்கு
பஸ் நிலையக் கடையில் நான் வாங்கிய பிழை
ஒரு சதமும் குறையாமல் திரும்பி வந்திருந்தது.

இடைவேளையோடு ஐந்து பேர் போய்விட்டார்கள்.

பிறகு குல்லா.
கந்தகத்தின் கூட்டாளி, தொப்பி கழற்றாதவன்.
பாலத்தில் அவனுக்குச் சூடு விழுந்தது.
பாட்டில்லை, மழையில்லை, வசனமில்லை.
மூன்றே கட்டம்:
வெடி. தொப்பி. தண்ணீர்.
சுவருக்கு அப்பால் வேறெதற்கோ கைதட்டினார்கள்.
நான் காத்திருந்தேன்,
அவன் தேத்தண்ணி குடிக்கட்டும் என்று.

என் புத்தகத்தில் நடுத்தாள் மறுபக்கமாய் மடிந்து
ஊசி அடித்திருந்தது.
முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, பிறகு முப்பத்தொன்று.
பாலத்தில் விழுந்தவன் அடுத்த பக்கத்தில்
கடை வாங்கில் குந்தியிருந்து ஊதி ஊதிக் குடிப்பான்,
'சீனி காணாது' என்பான்,
முப்பத்திரண்டில் கையசைத்துப் போவான்.
அதற்குப் பிறகு அவனைக் காணமுடியாது.
வீட்டுக்குப் போய்விட்டான் என்றுதான் நினைத்திருந்தேன்,
நாற்பது வருசமாய்.
பக்க இலக்கம் பார்க்கும் வயதல்ல அது.
அந்த வயது வந்தபோது புத்தகம் இல்லை.

இந்தப் படத்தில் தேத்தண்ணி முதலிலேயே முடிந்துவிட்டது.
அவசரப்பட்டுவிட்டான் இயக்குநர் என்று அப்போது சிரித்தேன்.
அவன் சரியாகத்தான் எடுத்திருக்கிறான்.
எனக்குத்தான், அச்சகத்தில் யாரோ தூக்கக் கலக்கத்தில்
ஒரு மனிசனைக் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள்.

"அக்கா, தொப்பிக்காரன் செத்திட்டானோ?"
கைக்குழந்தைக்காரி. மணி ஏழு.
அவளுடைய பஸ் இந்நேரம் ஆனையிறவுப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.
"படத்தில ஓம்."
"அப்ப புத்தகத்தில?"

நாளைக்குப் பவானந்தன் எண்ணிக்கை கேட்பார்.
ஆறு பேர் என்பதா,
ஒரு பஸ் என்பதா.

நான் வாய் திறக்குமுன்
மூலையில் மஞ்சள் பெட்டி மறுபடி விழுந்தது.
"அதே சமயம்..." என்று அவள் வாசித்தாள்,
மெதுவாக, குழந்தைக்கு.