ஒரே ஒரு டக்

விளக்கெல்லாம் எரிகிறது.
முன்னால், பின்னால்,
கதவைத் திறந்தால் கூரையில் முணுக்கென்று ஒன்று.
ரேடியோ நரின் நகரத்து வானிலை வாசிக்கிறது:
சுழியத்துக்குக் கீழே இருபத்தேழு.
வைப்பர்கூடப் பனியை இழுத்துத் தள்ளுகிறது.
சாவியை இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் மட்டும்
டக்.
அவ்வளவுதான்.

மெலிஸ் பெட்டிகளை ஏற்றி முடித்துவிட்டான்.
பூட்ஸ், சதுரங்கப் பலகை, என்னிடமே கேட்டு எடுத்துக்கொண்ட
பெரிய வாணலி.
பிஷ்கெக் ஆறு மணி நேரம்.
மூன்று மணிக்குத் தோலோன் கணவாயை மூடுகிறார்களாம்.
வீடு எனக்கு, ஆடி கார் அவனுக்கு என்று
நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து கொடுத்த தாள்
டாஷ்போர்டின் மேல்
ஹீட்டர் காற்றுக்காகக் காத்திருக்கிறது.

டக்.

"பேட்டரி போச்சு" என்கிறான்.
மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்து
ஷைலோபெக் வழிமொழிகிறார்: "பேட்டரியேதான்!"
கையில் ஆவி பறக்கும் தேநீர்க் கிண்ணம்.
போன தையில் அவர் வீட்டுக் குழாய் வெடித்தபோது
யாராவது கேட்டிருந்தால்
அப்போதும் பேட்டரி என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் இறங்கிப் போய்ச் சுவரருகே நின்றேன்.
செங்கல்லில் இரண்டு மஞ்சள் வட்டம்.
"இப்போ திருப்பு."
டக்.
வட்டம் வட்டமாகவே இருந்தது.
பேட்டரி சாகக் கிடந்தால்
இழுக்கிற நேரத்தில் வெளிச்சம் சுருங்க வேண்டும்.
சுருங்கவில்லை.
இங்கே எதுவும் எதையும் இழுக்கவே இல்லை.

பதினோரு வருடம் துணைமின்நிலையத்தில் வேலை எனக்கு.
வீட்டில் பல்பு மாற்றுவது மட்டும்
எப்போதும் அவன்.

ஸ்டார்ட்டரைச் சுத்தியல் காம்பால் தட்டினான்.
வலிக்காமல், பிறகு வலிக்க.
டக்.
கெட்ட வார்த்தை ஒன்றை ரஷ்ய மொழியில் சொன்னான்.
கிர்கிஸில் திட்டினால் அவன் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று
இன்னமும் பயம்.

விளக்குகள் கேட்பது கொஞ்சம்.
பத்து ஆம்பியர் கொடுத்தால் போதும்,
பாடி தகரத்தின் வழியாகவே
போய்ச் சேர்ந்துவிடும், எரிந்துவிடும்.
இன்ஜினைப் புரட்ட நூற்றுக்கணக்கில் வேண்டும்.
அத்தனையும் போன வழியே திரும்பி வரவும் வேண்டும்.
திரும்பும் வழியைத்தான் யாரும் பார்ப்பதில்லை.
எங்கள் ஜன்னலிலும் இரவு பதினொன்று வரை
வெளிச்சம் இருந்தது.
ஷைலோபெக்கைக் கேளுங்கள்.

எர்த் கம்பியாகத்தான் இருக்கும் என்று
அப்போதே தெரிந்துவிட்டது.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.
மணி ஒன்றே முக்கால்.
கணவாய் மூடிவிட்டால்
ஒரு ராத்திரி, ஒரு சூப்,
நடு அறை சோபாவில் ஒரு போர்வை.
இதையெல்லாம் யோசித்தேன், இல்லையென்று சொல்லவில்லை.
கை அதற்குள் டிக்கியிலிருந்து
கறுப்புக் கேபிளை உருவிவிட்டது.

ஒரு முனை பேட்டரியின் மைனஸில்.
மறு முனை இன்ஜின் இரும்பில், துரு இல்லாத இடமாகப் பார்த்து.
"திருப்பு."

டக் வரவில்லை.
ஒரு முக்கல், ஓர் உறுமல்,
இத்தனை வருஷப் புகையும் ஒரே மூச்சில்.
மெலிஸ் சிரித்துவிட்டான்,
சிரித்தது ஞாபகம் வந்ததும்
உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு அணைத்துவிட்டு
கம்பியைக் கழற்றினோம்.
போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.
அவன் டார்ச் பிடித்தான்.
நான் உப்புத்தாளால் தேய்த்தேன்.
விரல் மரத்துப்போனபோது அவன் தேய்த்தான், நான் பிடித்தேன்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
இவ்வளவு நேரம் சண்டை இல்லாமல்
நாங்கள் சேர்ந்து எதையும் செய்து
ரொம்ப நாளாகிறது.

முறுக்கி இறுக்கினேன்.
"தோலோன் உச்சியில் நிறுத்தினாலும் அணைக்காதே" என்றேன்.
அணைத்தாலும் இனி ஒன்றும் ஆகாது.
சும்மா சொன்னேன்.

சிவப்பு விளக்குகள் பாலம் தாண்டி
ஆற்றோரம் திரும்புகிற வரை தெரிந்தன.
கோட்டுப் பையில் கனமாக ஏதோ இடித்தது:
பதின்மூன்றாம் எண் ஸ்பானர்.
தாளில் அது யார் பேரிலும் இல்லை.

மேலிருந்து ஷைலோபெக்:
"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல,
பேட்டரி!"