நிறுத்தி வைத்த ஒன்று

மஞ்சூரில் மூன்று நாளாக
பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்பதை
மூடுபனிதான் முடிவு செய்கிறது.
ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினேன்.
படியில் மரியசெல்வம்,
ஸ்வெட்டருக்கு மேல் உரச்சாக்கு,
சாக்குக்குள் பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் மகளின் மார்க் ஷீட்.
இன்றைக்குக் கடைசி நாள் என்றாள்.
இந்தக் கடைக்கு வருகிற எல்லோருக்கும்
இன்றைக்குத்தான் கடைசி நாள்.

உதவித்தொகைப் பக்கம் பாதி திறந்து நின்றது.
உங்கள் பிரவுசர் பழையது என்று சொல்ல
ஒரு திரை முழுக்க வெள்ளை தேவைப்பட்டது அதற்கு.

விண்டோஸுக்குக் காசில்லாமல் ஏற்றிய லினக்ஸ்.
கறுப்பு ஜன்னலைத் திறந்து
சூடோ என்று ஆரம்பித்தேன். பாஸ்வேர்டு கேட்டது.
"எழுத்து விழலையே அக்கா" என்று எட்டிப் பார்த்தாள்.
விழுகிறது, காட்டாது.

அப்டேட் என்றால் எதுவும் வந்துவிடாது.
மேட்டுப்பாளையம் மண்டியில் இன்றைக்கு
என்ன இறங்கியிருக்கிறது என்று
போனில் விசாரிப்பது மாதிரிதான் அது.
அப்கிரேட் சொன்னால்தான் லாரி கிளம்பும்.

விசாரித்தேன்.
ஒவ்வொரு கிடங்கும் பதில் சொல்ல,
ஒன்று மட்டும்
கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று முறைத்தது.
மரியசெல்வம் பதறிப்போய் உறையைப் பிரித்தாள்:
"தாசில்தார் பச்சை மையிலதானே போட்டாரு?"
இது வேற கையெழுத்து, உட்காரு.
பழைய சாவியை எடுத்துவிட்டுப் புதுச் சாவி போட்டேன்.

அறுபத்திரண்டு பொதிகள் ஏறும்,
ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.
அந்த ஒன்றுதான் பிரவுசர்.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன் டைட்டஸ்,
இப்போது திருப்பூரில்.
வாசலில் இறங்கி, கெத்தைப் பக்கம் முகத்தைத் திருப்பி
சிக்னல் பிடித்துக் கேட்டேன்.
"நான்தான் பூட்டி வெச்சேன்.
ஏத்தினா கைரேகை மிஷின் படுத்துடும்,
அது பழசுல மட்டுந்தான் ஓடும்."
பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.
அவன் வேறு ஏதோ சொன்னான், கேட்கவில்லை.

மேஜை ஓரத்தில் சிவப்பு விளக்கோடு அந்த மிஷின்.
பேக்கரி போஜனை ஒரே தொடுதலில் தெரிந்துகொள்ளும்.
மரியசெல்வத்தின் கட்டைவிரலைப்
பதினோரு தடவை வைத்தோம் போன ஆடியில்,
தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, ஊதி.
கொழுந்து கிள்ளிக் கிள்ளி
வரி எது, கறை எது என்று எனக்கே தெரியவில்லை.
மிஷினைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

ஆனாலும் திங்கட்கிழமை பென்ஷன்காரர்கள் வருவார்கள்.
பதினெட்டுப் பேர்.
அதில் ஐந்து பேரின் விரலை அது ஒத்துக்கொள்ளும்.
அந்த ஐந்து பேர்
குந்தாப் பாலம் வரை பஸ் ஏறிப் போகவேண்டி வரும், என்னால்.

மரியசெல்வம் எதையும் கேட்கவில்லை.
உறையின் மேல் விழுந்திருந்த பனித்துளிகளை
முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

பூட்டைக் கழற்றினேன்.
ஒய் தட்டி, என்டர்.

எழுபத்துநான்கு எம்பி.
மூன்று சதவீதத்தில் டீ சொன்னோம்.
பத்தொன்பதில் டீ வந்தது.
முப்பத்தாறில் கரண்ட் சிமிட்டியது,
இருவரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டோம்.
பேட்டரி பிடித்துக்கொண்டது.
எண்பதுக்கு மேல் மளமளவென்று போனது,
ஏன் என்று கேட்காதீர்கள்.

பக்கம் திறந்தது.
மாணவியின் பெயர் என்று கேட்டது.
"ஆக்னஸ் திவ்யா, எம். செல்வம்" என்றாள்,
யாரோ கூட்டத்தில் கூப்பிட்டது மாதிரி
எழுந்து நின்றுகொண்டு.

மிஷினில் சிவப்பு இல்லை.
காலண்டரில் திங்கட்கிழமைக் கட்டத்துக்குள்
ஐந்து பேர் என்று எழுதி வைத்தேன்.
கறுப்பு ஜன்னல் இன்னும் மூடவில்லை.
இனித் தேவைப்படாத பதினான்கு பொதிகள் இருக்கின்றன,
நீக்கிவிடலாம் என்கிறது.
இருக்கட்டும்.